ஏழாவது கிணறு சொன்னபடி கேட்பதில்லை

பிப்ரவரி 3, திங்கள்

வேலாங்காட்டுப்புதூருக்கு வந்து சேர்ந்தாயிற்று. தாராபுரத்தில் டவுன் பஸ் பிடித்து, இரண்டு பெட்டி, ஒரு லேப்டாப், ஒரு சாக்கு நிறைய சென்சார் என்று நான் இறங்கிய கோலத்தைப் பார்த்து டீக்கடையில் ஒருவர், "அம்முணி எந்தூருங்க? என்ன சோலியா வந்தீங்க?" என்றார். அம்பாசமுத்திரம், நிலத்தடி நீர் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். "தேங்காய வெச்சுப் பாப்பீங்களா, வேப்பங்குச்சிய வெச்சுப் பாப்பீங்களா?" என்றார். கணக்கு போட்டுப் பார்ப்பேன் என்றேன். பாவம் என்று நினைத்திருக்க வேண்டும், எனக்கும் சேர்த்து ஒரு டீ சொன்னார்.

தெய்வானை அம்மா வீட்டுப் பக்கவாட்டு அறையில் வாடகைக்கு ஜாகை. பெட்டியைப் பிரிப்பதற்குள் வீட்டு நிலவரம் முழுவதும் தெரிந்துவிட்டது. ஒரே மகன் லோகநாதன், வயது முப்பத்தைந்து, தென்னந்தோப்பு, கல்யாணம் ஆகவில்லை.

"என்ற பையனுக்கு ஒரு கொறையும் இல்ல கண்ணு. குடி கெடையாது, சீட்டு கெடையாது. பொண்ணு குடுக்கலாம்னு வர்ற ஒறம்பரையெல்லாம் காப்பியக் குடிச்சுப்போட்டு நேரா போயி கெணத்த எட்டிப் பாக்கறாங்கோ. பாத்துப்போட்டு, 'சொல்லி உடறோமுங்க'ன்னு போறாங்கோ. ஒருத்தரும் சொல்லி உட்டதில்ல."

வாசலில் அந்த மகன் சைக்கிள் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார். கழன்றிருந்தால் அல்லவா மாட்ட வேண்டும்? காது மட்டும் இங்கே இருந்தது.

எனக்கென்ன. நான் தண்ணீரை அளக்க வந்தவள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பன்னிரண்டு கிணறுகளுக்கும் எண் போட்டு சென்சார் இறக்கியாயிற்று. இனி செவ்வாய்தோறும் டேப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். டேப்பின் நுனி தண்ணீரைத் தொட்டதும் 'கீ' என்று கத்தும். எவ்வளவு கீழே போய்க் கத்துகிறதோ அவ்வளவு வறட்சி.

மற்றதெல்லாம் லேப்டாப்பில். ஊரைச் சதுரம் சதுரமாக வெட்டி உள்ளே வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சதுரத்துக்கும் வரும் தண்ணீர், போகும் தண்ணீர், மீதித் தண்ணீர். கணக்கு சொல்லும் மட்டமும் கிணற்றில் இருக்கும் மட்டமும் ஒத்துப்போய்விட்டால், சித்திரையில் யார் கிணறு வற்றும், என்ன செய்தால் வற்றாது என்று இப்போதே சொல்லிவிடலாம். ஒத்துப்போகாவிட்டால் நான் இரண்டு மாதம் கொள்ளு ரசம் சாப்பிட்டதுதான் மிச்சம்.

லோகநாதன் அண்ணன் கிணறுதான் ஏழாவது. ஊருக்கு நடுவில் இருப்பதால் என் கணக்குக்கு அதுதான் அச்சாணி. டேப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எங்கோ பாதாளத்தில் 'கீ' என்றது.

"ரொம்ப மோசமுங்களா?" என்றார்.

"ரொம்ப மோசம் அண்ணா."

தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி அங்கேயே போட்டுக்கொண்டார். மேட்டுக்காட்டில் ஒரு போர்வெல் இருந்ததாம், அதுவும் வற்றி அவிந்து போய்விட்டதாம். குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

வீட்டுக்கு விருந்தாளிகள். பட்டுச்சேலை, வெள்ளை வேட்டி, ஒரு கார் நிறைய. தெய்வானை அம்மா என்னை அறையைவிட்டு வெளியே வராதே என்றார். கேசரி மட்டும் உள்ளே வந்தது. முந்திரி தாராளம்.

பிப்ரவரி 8, சனி

ஏழாவது கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது! மழை இல்லை, ஓடையில் ஈரம்கூட இல்லை. வியாழக்கிழமை பகலில் கிடுகிடுவென்று ஏறி, வெள்ளி முழுக்க நின்று, இன்று மடமடவென்று இறங்கிக்கொண்டிருக்கிறது. சென்சாரில்தான் கோளாறு. வெளியே எடுத்து, துடைத்து, திட்டி, மறுபடி உள்ளே விட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

டேப் போன வாரத்தைவிட மேலேயே கத்திவிட்டது. ஆக, சென்சார் பொய் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீரைப் பார்த்துச் சிரிப்பது எங்கள் ஊர்ப் பழக்கம்.

"நல்லாருக்குதுங்களா?" என்றார் லோகநாதன் அண்ணன்.

"பரவாயில்லையே!" என்றேன்.

இந்த மனிதரும் சிரித்தார். பரீட்சையில் பாஸானவர் முகம்.

பிப்ரவரி 13, வியாழன்

நேற்றும் ஏறியிருக்கிறது. நேற்றும் கேசரி.

பிப்ரவரி 15, சனி

கண்டுபிடித்துவிட்டேன். ஏழாவது கிணற்றுக்கு அடியில் பாறையில் ஆழமான பிளவு இருக்கிறது. ஆழத்தில் அழுத்தம் கூடும்போதெல்லாம் அது தண்ணீரை மேலே தள்ளுகிறது. உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒன்று பதிவானதாகத் தெரியவில்லை. 'கோமதி பிளவு' என்று என் பெயரையே வைத்து, எங்கள் ஆய்வுத் தலைவர் வேதநாயகம் சாருக்கு நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன்.

மாலையில் சார் போன் செய்தார். "கோமதி, அந்தக் கிணத்த கணக்குலேர்ந்து தூக்கிடும்மா. எல்லா ஊர்லயும் ஒரு கிணறு இப்படித்தான் இருக்கும்."

தூக்குவதாவது! பன்னிரண்டு கிணற்றில் என்னை முறைக்கும் கிணறு அது ஒன்றுதான். அதை விட்டுவிட்டுப் போனால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

பிப்ரவரி 18, செவ்வாய்

எட்டாவது கிணறு மயில்சாமி அண்ணனுடையது. லோகநாதனுக்குப் பங்காளி. தாத்தா காலத்து வரப்புத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இவர் கிணறு கொஞ்சம் பள்ளத்தில். ஏழாவது ஏறி இறங்கிய இரண்டாம் நாள் இதுவும் லேசாக ஏறுகிறது. எங்கோ தொடர்பு இருக்கிறது, என் பிளவு இதுவரைக்கும் நீள்கிறது போலும்.

டேப்பைச் சுருட்டும்போது மயில்சாமி அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்கம்முணி, அந்த ஊட்டுல தான இருக்கறீங்க? அடுத்த ஒறம்பரை எப்ப வர்றாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க. வாழைக்கு ஒரு தண்ணி பாய்ச்சோணும்."

உறவுக்காரர்கள் வருவதற்கும் வாழைக்கும் என்ன சம்பந்தம்? பாவம், வெயில் அதிகம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

இரண்டு வாரமாக ஏழாவது கிணறு சாதுவாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் சென்சார் கோட்டில் ஒரு குட்டி மேடு. டேப் இறக்கும்போது சென்சார் அசைகிறது போல. அதை விட்டுவிடலாம்.

இன்று லோகநாதன் இளநீர் கொண்டுவந்து கொடுத்தார். கிணற்று மேட்டில் உட்கார்ந்து என் சதுரங்களைக் காட்டினேன். "இந்தக் கட்டத்துல நானிருக்கறேனுங்களா?" என்று கேட்டார். மூன்றாவது வரிசையில் இருக்கிறீர்கள் என்றேன். லேப்டாப்பை இரண்டு கையாலும் வாங்கி நன்றாகப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை, மதியம் ஆகிவிட்டது. வெயில்.

மார்ச் 6, வியாழன்

கோமதி பிளவு செத்தது.

வியாழன், வெள்ளி, புதன் என்று ஏறிய நாட்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு காலையில் அறையில் நடந்துகொண்டிருந்தேன். சுவரில் விதைக்கடை காலண்டர். தற்செயலாகக் கண் போயிற்று. பிப்ரவரி 7, வளர்பிறை, சுபதினம். பிப்ரவரி 12, சுபதினம். கிணறு அடங்கிக் கிடந்த இரண்டு வாரமும் தேய்பிறை. நிலாவைப் பார்த்து ஏறி இறங்க இது என்ன கடலா? சரி, நிலா வளர்வது பாறைக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். புதன், வெள்ளி என்று பாறைக்கு யார் சொன்னது?

கிணற்றுக்கு ஓடினேன். மூலையில் தென்னை மட்டைகள் குவிந்து கிடந்தன. தூக்கிப் பார்த்தால், கையளவு வாய் உள்ள குழாய். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. பக்கத்தில் லோகநாதன், கையும் களவுமாக.

"மேட்டுக்காட்டு போர் அவிஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே!"

"அவிஞ்சு போனதுதானுங்க. சித்த நேரம் ஓடும், நின்னுக்கும். மறுபடி கொஞ்சம் ஓடும். அத மூச்சப் புடிச்சு ஓட்டி நெறப்பறதுங்க. நாளைக்கு மூலனூர்ல இருந்து பொண்ணு ஊட்டுக்காரங்க வர்றாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே."

"பாறைக்குள்ள பிளவு இருக்குன்னு நாலு பக்கம் எழுதி அனுப்பிட்டேன்! எம் பேர வேற வெச்சுத் தொலைச்சேன்!"

உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். "பேரு நல்லாத்தானுங்க இருக்குது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "நீங்க ஊத்தற தண்ணி எங்க போகுதுன்னு தெரியுமா? பாறை வெடிப்பு வழியா நேரா மயில்சாமி அண்ணன் கிணத்துக்கு! உங்களுக்கு ஒறம்பரை வந்தா அவரு வாழை குலை தள்ளுது!"

அப்போதுதான் அவர் சிரிப்பு நின்றது. மூன்று தலைமுறைப் பகையில் யாரும் செய்யாத உபகாரத்தைச் செய்துகொண்டிருக்கிறோம் என்பது உறைத்திருக்க வேண்டும்.

மாலையில் தெய்வானை அம்மா என் அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தார். "அம்முணி, நாளைக்கு வர்ற எடம் நல்ல எடம். இதும் போச்சுன்னா என்ற பையன் இப்படியே நின்னுக்குவான். நீ நல்லதும் சொல்ல வேண்டாம், கெட்டதும் சொல்ல வேண்டாம். வாயத் தொறக்காத, அது போதும்." கண் கலங்கியிருந்தது. சரி என்றேன். நான் எதற்கு வாயைத் திறக்கப்போகிறேன்? என்னை யார் கேட்கப்போகிறார்கள்?

மார்ச் 7, வெள்ளி

கேட்டுவிட்டார்கள்.

பெண்ணின் அப்பா சென்னியப்பன். ஒல்லியான மனிதர், பெரிய மீசை. காப்பி குடித்த கையோடு கிணற்று மேட்டுக்குப் போனார், கூடவே எல்லோரும். ஒரு கல்லை எடுத்து உள்ளே போட்டு, சத்தத்தைக் கேட்டார். "தண்ணி இருக்குதுங்க," என்றார். தெய்வானை அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. நான் அறை ஜன்னலோடு நின்றிருக்க வேண்டியவள். சென்சாரைப் பார்க்கிற சாக்கில் கிணற்றோரம் போய் நின்றது என் தப்பு.

அவர் நேராக என்னிடம் வந்தார். "தண்ணிக்குப் படிச்ச அம்முணி ஒண்ணு இந்த ஊட்டுல இருக்குதுன்னு டீக்கடையில சொன்னாங்க. நான் பெத்த பொண்ணக் குடுக்கறனுங்க. நீங்க சொல்லுங்க, இந்தத் தண்ணி சித்திரையில நிக்குமுங்களா?"

'நிற்கும்' என்று ஒரு சொல். சொன்னால் தேங்காய் உடைத்துவிடுவார்கள். 'மழையைப் பொறுத்தது' என்று சொல்லியிருக்கலாம், அது பொய்கூட இல்லை. தெய்வானை அம்மா காலி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார். லோகநாதன் கிணற்றைப் பார்க்கவில்லை, சென்னியப்பனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாதே என்று கெஞ்சுகிற பார்வையும் இல்லை அது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற மாதிரி இருந்தது.

ஒரு பெண் இந்தத் தோப்பை நம்பி இங்கே வந்து, சித்திரையில் காலிக்குடத்தோடு நிற்பதை நினைத்தேன்.

"நிக்காதுங்க," என்றேன். இவர்கள் ஊர் 'ங்க' எப்போது என் வாயில் ஒட்டியது என்று தெரியவில்லை.

ஆரம்பித்ததை முழுவதும் சொல்லிவிடலாம் என்று மேலே போனேன். "இப்ப மாதிரியே வாய்க்கால் கட்டிப் பாய்ச்சினா நிக்காது. பாதித் தோப்புக்குச் சொட்டுநீர் போட்டு, மேட்டுக்காட்டு போர அடுத்த மழை வரைக்கும் தொடாம விட்டா, சித்திரையில இடுப்பளவு நிக்கும். அப்படித்தான் கணக்கு சொல்லுது."

"அப்ப இதுல இருக்கறது?" என்று உள்ளே கை காட்டினார்.

"ஊத்தி வெச்சதுங்க," என்றார் லோகநாதன். "அந்த அம்முணி சொல்றது நெசந்தானுங்க."

சென்னியப்பன் மீசையைத் தடவினார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "சொல்லி உடறோமுங்க," என்றார். கார் போய்விட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் மயில்சாமி அண்ணன் மண்வெட்டியோடு தயாராக நின்றுகொண்டிருந்தார். அவருக்கு மட்டும் இன்று நல்ல நாள்.

மார்ச் 8, சனி

எனக்குச் சாப்பாடு வரவில்லை. டீக்கடையில் இரண்டு வடை. எனக்கு அழுகை வந்தது. வடையில் மிளகாய் அதிகம் என்று கடைக்காரரிடம் சொன்னேன்.

மார்ச் 9, ஞாயிறு

தெய்வானை அம்மா வாசலில் கோழியிடம் பேசினார். "படிச்சவங்க பக்கத்துல நிக்காத சாமி, உன்ற முட்டையையும் எண்ணிச் சொல்லிப்போடுவாங்க." கோழி என்னைப் பார்த்தது.

நான் செய்தது சரிதான். சரியானதைச் செய்தால் நெஞ்சு ஏன் இப்படிக் கனக்கிறது? ஒரு ஆளின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன். அவரோ காலையிலிருந்து சொட்டுநீர்க் குழாய்க்கு அளவு எடுத்துக்கொண்டு, சீட்டியடித்துக்கொண்டு திரிகிறார். கல்யாணம் தவறிய மனிதர் சீட்டியடிப்பாரா?

மார்ச் 10, திங்கள்

குழாயில் ஊற்றிய சுபதினங்களை எல்லாம் கணக்கில் சேர்த்தேன். பதினொரு கிணறும் கச்சிதமாக ஒத்துப்போகின்றன. ஏழாவது மட்டும் இன்னும் இடிக்கிறது. அந்தக் குட்டி மேடுகள். சென்சார் அசைவு என்று நான் விட்டுவிட்டவை. பெரிதாக்கிப் பார்த்தால், திங்கள் சாயங்காலம் ஏற ஆரம்பித்து, நான் டேப் இறக்கும் நேரத்துக்கு உச்சியில் நிற்கிறது. பிப்ரவரி 11, 18, 25, மார்ச் 4. தேய்பிறையிலும் வந்திருக்கிறது. எல்லாம் செவ்வாய்.

செவ்வாய்க்கிழமை இந்த ஊரில் யாரும் மாப்பிள்ளை வீடு பார்க்க வரமாட்டார்கள். ஆடு வாங்கக்கூட வரமாட்டார்கள்.

அப்புறம் யாருக்கு ஊற்றுகிறார்?

மார்ச் 11, செவ்வாய்

விடிந்ததும் கிணற்றுக்குப் போனேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. லோகு மட்டையால் மூடப் போனவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"இன்னிக்கு செவ்வாய்க்கிழமை," என்றேன்.

"ஆமாங்க."

"இன்னிக்கு ஒறம்பரை யாரும் வரலையே?"

"இல்லீங்க."

"அப்ப இது யாருக்கு?"

மட்டையைக் கீழே போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். "வந்த மொத நாளு டேப்ப உட்டுப் பாத்துப்போட்டு மூஞ்சியச் சுருக்குனீங்க பாருங்க. வேற யாரோட கெணத்துலயும் நீங்க அப்படிச் சுருக்குல. பாக்கறதுக்கே மனசு கேக்கலீங்க. அடுத்த வாரம் கொஞ்சம் ஊத்தி வெச்சேன். சிரிச்சீங்க. அதான்..." துண்டை உதறினார். "உங்க கணக்கு கெட்டுப் போகும்னு தெரியாதுங்க. தண்ணி நெறையா இருந்தா உங்களுக்கு மார்க்கு வருமாக்கும்னு நெனச்சேன்."

முனைவர் பட்டம் வாங்கியவள், ஐந்து வாரமாக இந்தக் கோட்டை முறைத்துக்கொண்டிருந்தவள், என்ன சொன்னேன் தெரியுமா? "மோட்டர ஆஃப் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னேன்.

போய் ஆஃப் செய்துவிட்டு வந்தார். இன்றைக்கு டேப் போடவில்லை.

மார்ச் 14, வெள்ளி

சென்னியப்பன் சொல்லி விட்டிருக்கிறார்! இந்த வீட்டு வரலாற்றிலேயே சொல்லி விட்ட முதல் ஆள். பெண்ணுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்கிறார்களாம். ஆனால் தண்ணிக்குப் படித்த அம்முணி மூலனூர் வந்து அவர் கிணற்றையும் ஒரு தடவை பார்த்துச் சொல்ல வேண்டுமாம். அவர் கிணற்றின் மேல் அவருக்கே சந்தேகமாம்.

தெய்வானை அம்மா தலையில் அடித்துக்கொண்டார். சிரிக்கவும் செய்தார். இரவு சாப்பாடு வந்தது, கொள்ளு ரசத்தோடு. தட்டை வைத்துவிட்டு வாசலில் நின்று, "வந்தப்ப அண்ணா, அண்ணான்னே. இப்ப 'ஏங்க, இங்க பாருங்க'ங்கறே," என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். ரசம் நன்றாக இருந்தது.

மார்ச் 17, திங்கள்

செவ்வாய்க்கிழமைகளையும் கணக்கில் சேர்த்தேன். பன்னிரண்டு கிணறும் ஒத்துப்போயின. 'கிணறு ஏழு, கூடுதல் வரவு' என்று ஒரு வரி. காரணம் என்ற இடத்தை நிரப்பாமல் சாருக்கு அனுப்பினேன். பிரமாதம் என்றார். காரணம் கேட்டார். களப்பிரச்சினை என்றேன்.

ஊரிலிருந்து என் அம்மா போன் செய்தாள். "ஏட்டி, வேலதான் முடிஞ்சிட்டுன்னு சொல்லுதியே, கிளம்பி வர வேண்டியதுதான?"

"இன்னும் கொஞ்சம் இருக்கும்மா. ஏழாவது கிணத்த கோடை முடியுற வரைக்கும் பாக்கணும்."

"அந்த லோகநாதன் அண்ணன் வீட்லயேதான் இருக்கியா?"

"அவரு ஒண்ணும் அண்ணன் இல்ல," என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

ஏழாவது கிணறு. முதலில் குழாயின் வாயைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

டேப்பை விட்டேன். போயிற்று, போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. நான் வந்த நாளைவிடக் கீழே போய்க் கத்தியது. நேற்று கணக்கு என்ன சொன்னதோ, விரற்கடை பிசகாமல் அதே மட்டம். இந்த ஊரில் இதுவரை நான் அளந்ததிலேயே மோசமான தண்ணீர்.

லோகு எதிர்மேட்டில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேட்டுக்காடு பக்கம் ஒரு கால் திரும்பியிருந்தது, நான் மூஞ்சியைச் சுருக்கினால் ஓடிப் போய் மோட்டாரைப் போட்டுவிடுகிறவர் மாதிரி.

டேப்பை நிதானமாகச் சுருட்டினேன். தலையை நிமிர்த்தி, அவரைப் பார்த்து, எனக்கு வரக்கூடிய சிரிப்பிலேயே பெரிய சிரிப்பாகச் சிரித்தேன்.

"நல்லாருக்குதுங்களா?" என்றார்.

"ரொம்ப மோசமுங்க," என்றேன்.

அந்தக் கால் திரும்பி இந்தப் பக்கம் வந்தது.